‘இதயம் நின்றது’ என்று மட்டும் எழுதவிடாதீர்கள்

கேள்வி:

என் கணவருக்கு வயது 49. சி.ஆர்.பி.எஃப்.-இல் 1997-இல் சேர்ந்தார். 2011-இல் சத்தீஸ்கரில் பணியில் இருந்தபோது கண்ணிவெடியில் சிக்கி முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. 2013-இல் மெடிக்கல் போர்டு வைத்து, நூறு சதவீத ஊனம் என்று எழுதி, ஹெட் கான்ஸ்டபிளாக வெளியே அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஊனமுற்றோர் பென்ஷன் வருகிறது. அவர் என் அத்தை மகன். எல்லாம் தெரிந்துதான் 2015-இல் அவரைக் கட்டிக்கொண்டேன். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள்.

போன வருடம் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். என் கொழுந்தன், “பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு நடந்த கல்யாணம், உனக்கு ஒன்றும் வராது. பேப்பரில் அம்மா பெயர்தான் இருக்கிறது” என்கிறார். ஓய்வூதிய உத்தரவான பி.பி.ஓ.வை எடுத்துப் பார்த்தேன். மனைவி பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. இன்னொருவர், “குண்டு வெடித்துச் செத்தால்தான் முழுப் பணம், கிட்னி கெட்டுச் செத்தால் கிடையாது” என்கிறார். அவர் உயிரோடு இருக்கும்போதே இதைக் கேட்பது பாவம் என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

– வாசகி, குடியாத்தம் பக்கம்

பதில்:



பாவமில்லை அம்மா. நீங்கள் கேட்டிருப்பது கேட்க வேண்டிய காலத்தில் கேட்ட கேள்வி. ஓய்வூதியக் கணக்கில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். என் மேசைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் காரியம் முடிந்து பதினாறாம் நாள் கழித்துத்தான் வந்தார்கள். அப்போது செய்ய முடியாத சில வேலைகளை இப்போது உங்களால் செய்ய முடியும். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் உங்கள் கொழுந்தன் சொன்னது. அவர் சொல்வது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு கட்டிய மனைவியைக் குடும்பம் என்றே கணக்கில் எடுக்காமல் இருந்த விதி ஒன்று மத்திய அரசில் இருந்தது. 1989-இல் பகவந்தி என்ற பெண்மணியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பாகுபாடு செல்லாது என்றது. அதற்குப் பிறகு விதியும் மாறியது. ஓய்வுக்குப் பின் சட்டப்படி திருமணம் செய்துகொண்ட மனைவிக்கும், அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. ஆக, 2015-இல் நடந்த உங்கள் திருமணம் ஒரு தடையே இல்லை.

மாமியார் பெயர் நாமினியாக இருப்பது பற்றியும் கவலை வேண்டாம். சேமநல நிதிக்கும் பணிக்கொடைக்கும் அவர் கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்திருப்பார். அந்தப் பணமெல்லாம் 2013-லேயே அவர் கைக்கு வந்திருக்கும். குடும்ப ஓய்வூதியத்துக்கு நாமினேஷன் என்பதே கிடையாது. யாருக்கு, எந்த வரிசையில் என்பதை விதியே சொல்லிவிடுகிறது. முதலில் மனைவி, பிறகு பிள்ளைகள், அவர்கள் யாரும் இல்லாவிட்டால்தான் பெற்றோர். ரயில்வே ஊழியர் ஒருவர் தன் உடன்பிறந்தவருக்கு உயில் எழுதிவைத்து இறந்துபோன வயலட் ஐசக் வழக்கில், 1991-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்து அல்ல, அதை உயிலில் எழுதி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

கொழுந்தன் மேல் கோபப்படாதீர்கள். ஊரில் பாதிப் பேர் நாமினி என்றால் சொந்தக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் அலுவலகத்திலேயே சில பேர் அப்படி நினைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பி.பி.ஓ.வில் காலியாக இருக்கும் அந்த இடம் நிரம்பியாக வேண்டும். உரிமை இருப்பது வேறு, உங்கள் பெயரைப் பார்த்தவுடன் வங்கி பணம் போடுவது வேறு. பெயர் ஏறியிருந்து, கணக்கும் இருவர் பேரிலும் கூட்டாக இருந்தால், அவருக்குப் பிறகு நீங்கள் வங்கியில் இறப்புச் சான்றையும் பி.பி.ஓ. நகலையும் கொடுத்து ஒரு கடிதம் எழுதினால் போதும். பெயர் இல்லாவிட்டால் மொத்தக் கோப்பும் முதலிலிருந்து கிளம்ப வேண்டும். திருமணத்தை நிரூபி, வாரிசுச் சான்று கொண்டுவா, கையொப்பம் அத்தாட்சி வாங்கு என்று வரிசையாகக் கேட்பார்கள். இப்போது அவர் கையெழுத்துப் போட முடிகிறது. குடும்ப விவரப் படிவத்தில் உங்கள் பெயர், பிறந்த தேதி, குழந்தையின் பெயர், கூட்டுப் புகைப்படம் எல்லாம் வைத்து, அவர் கடைசியாக இருந்த பட்டாலியன் அலுவலகத்துக்கோ ஆவடி கிரூப் சென்டருக்கோ அவரே விண்ணப்பிக்கட்டும். அங்கிருந்து அது சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கும், டெல்லியிலுள்ள மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கும் போய், திருத்தப்பட்ட உத்தரவாக வங்கிக்கு வரும். திருமணம் பதிவாகவில்லை என்றால் முதல் வேலை சார்பதிவாளர் அலுவலகம்தான்.

இனி, உங்கள் கடிதத்தின் கனமான பகுதி. ‘கிட்னி கெட்டுச் செத்தால் கிடையாது’ என்று யாரோ சொன்னது.

மத்திய அரசுப் படைகளில் இருப்பவர்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் இரண்டு பாதைகளில் வரலாம். ஒன்று, எல்லா அரசு ஊழியர் மனைவிக்கும் உள்ள சாதாரணப் பாதை. இன்னொன்று, பணியின் காரணமாக ஏற்பட்ட மரணத்துக்கு உள்ள சிறப்புப் பாதை. ‘எக்ஸ்ட்ராஆர்டினரி பென்ஷன்’ என்று அலுவலகங்களில் சொல்வார்கள். இதன் வேர் 1939-இல் வந்த விதிகளில் இருக்கிறது. அதற்குப் பின் பல திருத்தங்கள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த உத்தரவு, ஊனத்தையும் மரணத்தையும் ஏ முதல் ஈ வரை ஐந்து வகையாகப் பிரித்தது. பணிக்குத் தொடர்பே இல்லாத நோய் ஏ. பணியின் சூழலால் வந்த அல்லது கூடிய நோய் பி. பணியின்போது நடந்த விபத்து சி. தீவிரவாதிகள், சமூகவிரோதிகள் தாக்குதல் டி. போரும் போர்போன்ற சூழலும், தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையும், கண்ணிவெடியும் ஈ.

உங்கள் கணவருக்கு ஊன ஓய்வூதியம் கொடுத்த உத்தரவில் இந்த எழுத்துகளில் ஏதோ ஒன்று இருக்கும். டி அல்லது ஈ ஆக இருக்க வேண்டும். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். அந்த ஓர் எழுத்துதான் அவருக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வரும் தொகையின் அளவு.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 2016-இல் ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, பழைய ஓய்வூதியர்களின் சம்பளத்தையும் இன்றைய அட்டவணையில் ஏற்றி மதிப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் கணவருடைய அந்த மதிப்பீட்டு அடிப்படைச் சம்பளம் 30,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பாதையில், அவர் இறந்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகளுக்கு அதில் பாதி, அதாவது 15,250. அவர் 67 வயதை எட்டியிருக்கக்கூடிய தேதி அதற்கு முன் வந்தால் அதோடு நின்றுவிடும். அவருக்கு இப்போதுதான் 49 என்பதால் ஏழு ஆண்டும் முழுசாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு நூற்றுக்கு முப்பது, அதாவது 9,150. குறைந்தபட்சம் 9,000 என்பது இன்றைய விதி. பி அல்லது சி வகையில் மரணம் பணியோடு தொடர்புள்ளது என்று ஏற்றுக்கொண்டால், நூற்றுக்கு அறுபது, 18,300. டி, ஈ வகையில் கடைசிச் சம்பளம் முழுவதும், 30,500. இவை எல்லாவற்றின் மேலும் அகவிலைப்படி தனி.

9,150-க்கும் 30,500-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெண்ணின் படிப்பு இருக்கிறது.

அவர் வாங்கும் ஊனத் தொகை உங்களுக்கு அப்படியே மாறி வராது. அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்காக உதவியாளர் படி தருகிறார்கள் என்றால், அதுவும் அவரோடு நின்றுபோகும். ஊன ஓய்வூதியம் வாங்குபவர் இறந்தால் மனைவிக்குத் தானாகவே சிறப்பு ஓய்வூதியம் வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. ஊனத்துக்கும் பணிக்கும் உள்ள தொடர்பை அரசு 2013-லேயே ஒப்புக்கொண்டுவிட்டது. இனி ஒப்புக்கொள்ள வேண்டியது ஊனத்துக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பு. அது வேறு விசாரணை.

அந்த விசாரணைக்கு விதியில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. பணியால் ஏற்பட்ட காயம் அல்லது நோயினால் மரணம் நேர்ந்தது, அல்லது அதனால் மரணம் ‘விரைவுபட்டது’ என்று சான்று இருக்க வேண்டும் என்கிறது விதி. வெடிகுண்டே கொன்றிருக்க வேண்டும் என்றில்லை. வெடிகுண்டு தொடங்கிவைத்ததை வேறொன்று முடித்துவைத்தாலும் சரி. அந்தச் சங்கிலி அறாமல் காகிதத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் கணவர் விஷயத்தில் சங்கிலி எப்படிப் போகிறது என்று மருத்துவர் சொல்வார், நான் கணக்குக்காரன். ஆனால் கோப்புகளில் படித்துப் படித்துத் தெரிந்தது இது. முதுகுத்தண்டு அறுபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பும் பழுதாகிறது. பை முழுசாகக் காலியாகாது. குழாய் வைக்கிறார்கள். அடிக்கடி தொற்று வருகிறது. பையில் அழுத்தம் ஏறி, சிறுநீர் மேலே திரும்பி, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஒரு காலத்தில் தண்டுவடக் காயம் பட்டவர்களின் சாவுக்கு முதல் காரணமே சிறுநீரகம்தான். படுக்கைப் புண்ணில் சீழ் வைத்து ரத்தத்தில் கலப்பதும் அதே முதுகிலிருந்து தொடங்குவதுதான். அப்படியென்றால் 2011-க்கும் இன்றைய டயாலிசிஸ் ஊசிக்கும் நடுவே இருப்பது ஒரே கயிறு. ஆனால் அவருக்குச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தால், அலுவலகம் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். நான் அந்த நாற்காலியில் இருந்தால் நானும் அதைத்தான் பிடித்திருப்பேன்.

பிடித்திருக்கிறேன் என்பதே உண்மை. பெயர் சொல்லாமல் சொல்கிறேன். நெஞ்சில் குண்டு துளைத்து ஒரு நுரையீரலோடு பல வருடம் இருந்த காவலர் ஒருவர் நிமோனியாவில் இறந்தார். மருத்துவமனை கொடுத்த தாளில் ‘இதயமும் சுவாசமும் நின்றன’ என்று ஒரே வரி. குண்டு இல்லை, நுரையீரல் இல்லை. ‘மரணத்துக்கும் காயத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை’ என்று குறிப்பு எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பியவன் நான்தான். விதிப்படி சரி. அந்த அம்மாள் பழைய எக்ஸ்ரேக்களைத் தேடி எடுத்து, வேறொரு டாக்டரிடம் கருத்து வாங்கி, சிறப்பு ஓய்வூதியம் வாங்க நான்கு வருடம் ஆயிற்று. இதயம் நிற்காமல் யார்தான் சாகிறார்கள்?

மருத்துவமனையில் மரணம் நேர்ந்தால், மருத்துவர் படிவம் 4 என்ற ஒன்றை நிரப்ப வேண்டும். வீட்டில் நேர்ந்தால் படிவம் 4ஏ. நகராட்சியில் நாம் வாங்கும் இறப்புச் சான்று வேறு, அதில் காரணமே இருக்காது. இந்தப் படிவத்தில்தான் காரணம் இருக்கும். அதில் படிப்படியாக எழுத இடம் விட்டிருக்கிறார்கள். முதல் வரியில் உடனடிக் காரணம், அடுத்த வரியில் அது எதனால் வந்தது, அதற்கும் கீழே அது எதனால் வந்தது. கடைசி வரியில்தான் மூல காரணம். சங்கிலியை எழுதுவதற்கென்றே செய்த படிவம் அது. இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார். அவர் மீது தவறு சொல்ல முடியாது, அவருக்கு 2011 தெரியாது.

எனவே தெரியும்படி செய்யுங்கள். மருத்துவரை இப்படி எழுது, அப்படி எழுது என்று கேட்கக் கூடாது, கேட்டாலும் எழுத மாட்டார். ஆனால் இப்போது டயாலிசிஸ் பார்க்கும் சிறுநீரக மருத்துவரிடம், உங்கள் கணவரின் நோய்ச் சரித்திரத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லலாம். சிறுநீரகம் எதனால் கெட்டது என்று அவர் கருதுகிறார் என்பது அதில் இருக்க வேண்டும். தேதியோடு, அவர் பதிவு எண்ணோடு. உயிரோடு இருப்பவருக்கு, பணம் சம்பந்தப்பட்ட பேச்சு எதுவும் எழாத நேரத்தில், சிகிச்சை செய்பவர் எழுதிய கருத்துக்கு மெடிக்கல் போர்டில் இருக்கும் மதிப்பு, பின்னால் வாங்கும் எந்தச் சான்றுக்கும் வராது. ஒவ்வொரு முறை அட்மிட் ஆகும்போதும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தண்டுவடக் காயம்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சர்க்கரை நோய் இல்லையென்றால், இல்லை என்றும் எழுதியிருக்கட்டும்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023-இல் ஒரு திருத்தம் வந்தது. மரணக் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். முன்பெல்லாம் அந்தத் தாள் நேராகப் பதிவாளரிடம் போய்விடும், வீட்டாருக்குக் கண்ணிலேயே படாது.

இன்னொரு பக்கம், காயத்தின் தொடக்கத் தாள்கள். வெடிப்பு பற்றிய விசாரணை அறிக்கை, முதல் மருத்துவமனையின் காய விவரம், 2013 மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள், ஊன ஓய்வூதிய உத்தரவு. இவற்றின் நகல் வீட்டில் இல்லாவிட்டால் அவரே தன் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கட்டும். ‘பின்னால் ஆர்.டி.ஐ. போட்டுக்கொள்ளலாம்’ என்று யாராவது சொல்வார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் சி.ஆர்.பி.எஃப். இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவல் தவிர மற்றவற்றுக்கு அவர்கள் பதில் சொல்லக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. தன் சொந்தக் கோப்பைக் கேட்கும் பழைய ஜவானுக்குத் தருவார்கள். நாளைக்குக் கேட்கும் விதவைக்கும் தருவார்கள்தான், அலைந்தால்.

எல்லாவற்றையும் மீறிச் சந்தேகம் எஞ்சினால், நியாயமான சந்தேகத்தின் பலனைக் கோருபவருக்குத்தான் கொடுக்க வேண்டும். களப்பணியில் நேர்ந்தவற்றில் இன்னும் தாராளமாக. ராணுவத்தைப் பற்றிய வழக்கில், 2013-இல் தரம்வீர் சிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. உங்கள் கோப்பு வழக்குவரை போனால் வழக்கறிஞருக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சில வரிகள். சி.ஐ.எஸ்.எஃப். தீயணைப்புப் பிரிவில் இருப்பவர்களுக்கும் இதே மத்திய விதிகள்தான். ஆனால் தீயணைப்பு வீரரின் மனைவிக்குச் சங்கிலியைக் காட்டுவது இன்னும் கடினம். வெடி ஒரு நாள், ஒரு நொடி. புகை இருபது வருடம். தீயணைப்புப் பணியே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் முதல் வகுப்பில் சேர்த்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தீயணைப்பு வீரருக்கு வரும் புற்றுநோய் தொழிலால் வந்ததே என்று முதலில் வைத்துக்கொண்டு பேசும் சட்டம் 1982-லேயே வந்துவிட்டது. மறுப்பவர்தான் அங்கே நிரூபிக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு பெரிய தீயின் தேதியையும், எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை. மாநிலக் காவல், தீயணைப்புத் துறையினருக்கு 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் தனி, சதவீதங்களை இங்கிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். 1.1.2004 முதல் மத்தியப் படையில் சேர்ந்தவர்கள் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தாலும், பணியில் இருக்கும்போதே இறப்பு, ஊனம் நேர்ந்தால் பழைய விதிப்படி பெற விருப்பம் தெரிவிக்கும் படிவம் உண்டு. அதை நிரப்பியிருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள்.

மறுபடி உங்களிடம் வருகிறேன். அவர் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டி மொத்தமாக வாங்கியிருந்தால், அதை உங்கள் குடும்ப ஓய்வூதியத்தில் பிடிக்க மாட்டார்கள். இறந்த மாதம் வரையிலான பாக்கி ஓய்வூதியத்துக்கு மட்டும் நாமினேஷன் உண்டு, அதில் உங்கள் பெயரை வங்கியில் கொடுத்துவிடுங்கள். கொழுந்தன் சொன்னதில் கவனிக்க வேண்டியது இந்த ஒன்றுதான். உங்களுக்குப் பிறகு மகளுக்குக் கல்யாணமோ சொந்தச் சம்பாத்தியமோ வரும்வரை கிடைக்கும். மறுமணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

‘இவர்கள் தயவில் கொடுக்கிற பணம்’ என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். 1964-இல் வந்த குடும்ப ஓய்வூதியத் திட்டத்துக்குள் வராமல் விடுபட்ட விதவைகளுக்காக 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த வழக்கின் தலைப்பில் இருக்கும் பெயர் என்ன தெரியுமா? பூனம்மாள். நம் ஊர்ப் பெயர். அவர் யார், எப்படி இருந்தார் என்பது தீர்ப்பைப் படித்தால் தெரியாது. ஆனால் இன்று அந்தப் பணத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் பெண்கள் எல்லோருக்கும் அவர் ஒருவகையில் மூத்த அக்கா.

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களை உறுத்துவது. சாவைப் பற்றிப் பேச வேண்டாம். பி.பி.ஓ.வில் என் பெயரையும் பாப்பா பெயரையும் ஏற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். புதிய இடத்துக்குப் போகும் முன் குடும்ப விவரத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்தவர் அவர். அந்தத் தாள் எதற்கு என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆவடிக்குப் போகும்போது திருமணப் பதிவுச் சான்று, இருவரின் ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று, பி.பி.ஓ., கூட்டுப் புகைப்படம் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். கொடுக்கும் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வரவேண்டாம். அவரையும் அழைத்துப் போக வேண்டியிருந்தால், டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பாருங்கள்.